சமூக நல அலுவலகத்தின் முகப்பிலேயே திருப்பி அனுப்பப்படுவது குறித்து

நிழற்குடை:

சமூக நல அலுவலகங்களைப் பற்றிப் பேசும்போது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, எவ்வளவு காலம் நிலுவையில் கிடந்தது என்பவற்றையே பெரும்பாலும் பேசுகிறோம். இவற்றில் எதிலும் சேராத ஒரு நிலை இருக்கிறது. கையில் விண்ணப்பத்துடன் சென்றவர் அதைக் கொடுக்காமலேயே வீடு திரும்புகிறார். அவருடைய கோரிக்கையை யாரும் நிராகரிக்கவில்லை. "இந்தத் தாள் போதாது", "அந்தச் சான்றையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்", "உங்களுக்குக் கிடைப்பது கடினம்" என்று முகப்பில் இருந்தவர் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அவர் அங்கே வந்து போனதற்கு எந்தப் பதிவேட்டிலும் தடயம் இருக்காது. இந்த நிலையைப் பற்றி உறுப்பினர்களின் கருத்தை அறிய விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் பெரியம்மா கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவருக்குத் துணையாக நான் சென்றிருந்தேன். முகப்பில் இருந்த பெண்மணி கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை என்பதை முதலில் பதிவு செய்ய வேண்டும். பெரியம்மாவை உட்காரச் சொன்னார், தாள்களை நிதானமாகப் புரட்டினார். பெரியப்பாவின் பெயர் இறப்புச் சான்றில் ஒரு விதமாகவும் திருமணப் பதிவில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, "இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் அம்மா, இப்படியே வாங்கினால் மேலே நிற்காது" என்றார். பெரியம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். பெயரைத் திருத்த வேறோர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே, திருத்தம் கேட்பதற்கு முன் பெற வேண்டிய இன்னொரு சான்று இருந்தது. இவ்வளவு காலமும், வருமானம் ஏதுமின்றி இருந்த ஒரு மூதாட்டி, அரசின் கணக்கில் உதவி கேட்டவராகவே இல்லை.

முகப்பில் இருப்பவருக்கு அப்படித் திருப்பி அனுப்ப அதிகாரம் உண்டா? குறையுள்ள விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, குறையை எழுத்தில் தெரிவிப்பதுதானே முறை? இத்தகைய அலுவலகங்களில் பணியாற்றியவர்களும் சட்டம் அறிந்தவர்களும் விளக்கினால் பலருக்கும் பயன்படும்.

பழைய கோப்பு:

இத்தகைய அலுவலகம் ஒன்றில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உள்ளே என்ன நடக்கிறது என்பதை என்னால் இயன்ற அளவு விளக்குகிறேன்.

விண்ணப்பம் பதிவேட்டில் ஏறி எண் பெற்ற நாளிலிருந்துதான் அலுவலகத்தின் காலக்கணக்கு தொடங்குகிறது. அதன் பிறகு சரிபார்ப்பு, தேவைப்பட்டால் வீட்டுக்கு நேரில் சென்று பார்க்கும் கள ஆய்வு, பரிந்துரை, இறுதியில் ஒப்பளிக்கும் அதிகாரியின் ஆணை என்று கோப்பு நகர்கிறது. ஒவ்வொரு படியிலும் அது யார் மேசையில் இருக்கிறது என்பது தெரியும். ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்கும் முதல் கேள்வி, "உங்களிடம் நிலுவை எவ்வளவு?" என்பதுதான். குறையுள்ள விண்ணப்பத்தை வாங்கிப் பதிந்துவிட்டால், அந்தக் குறை தீரும் வரை அது அந்த எழுத்தரின் பெயரில் நிலுவையாக நிற்கும். அதற்கு அவர் விளக்கம் எழுத வேண்டும். வாங்காமல் திருப்பி அனுப்பினால் எந்தப் பட்டியலிலும் எதுவும் நிற்காது. ஆகவே, பணியாளர் நல்லவரா, கடுமையானவரா என்பதைவிட, அலுவலகத்தின் வேலை எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதே இங்கு தீர்மானிக்கிறது. வேகமாகக் கோப்புகளை முடிக்கும் அலுவலகம் என்று பாராட்டப்படும் இடத்தில், வாசலிலேயே எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகப்பில் இருக்கும் பலர் தாம் உதவி செய்வதாக உண்மையிலேயே நம்புகிறார்கள். ஒருமுறை நிராகரிக்கப்பட்ட கோப்புக்கு மீண்டும் உயிர் கொடுப்பது கடினம் என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்; அதனால், எல்லாம் சரியாக இருக்கும்போது கொடுப்பது இவருக்கே நல்லது என்று நினைக்கிறார்கள். உங்கள் பெரியம்மாவிடம் பேசிய பெண்மணியும் அப்படித்தான் நினைத்திருப்பார். அந்த அன்பான அறிவுரையால் ஒருவர் இழக்கும் மாதங்கள் அவர் கண்ணில் படுவதில்லை.

அதிகாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அறிந்த நடைமுறையில், மறுக்கும் அதிகாரம் ஒப்பளிக்கும் அதிகாரிக்கு மட்டுமே உண்டு. அந்த அதிகாரியும் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். முகப்பில் இருப்பவருக்கு மறுக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் பெறாமல் இருக்கும் வசதி இருக்கிறது. காரணம் எழுத வேண்டாம், கையொப்பம் வேண்டாம், மேல்முறையீடும் வராது.

கணக்கன்:

மாற்றுக் கருத்து ஒன்றை மரியாதையுடன் முன்வைக்கிறேன். குறையுள்ள எல்லா விண்ணப்பங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்றால், முழுமையான தாள்களுடன் வந்தவர்களின் கோப்புகள் அவற்றுக்கிடையே சிக்கித் தாமதமாகும். ஓர் எழுத்தரிடம் இருக்கும் நேரம் ஓர் அளவுதான். பொதுப்பணத்தைக் கொடுக்கும்போது, பெறுபவர் தகுதியுள்ளவரா என்று சரிபார்ப்பது கடமை. அந்தச் சரிபார்ப்பின் தொடக்கத்தை முகப்பிலேயே செய்வதில் என்ன தவறு? பெயர் வேறுபாடு சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவரின் ஆவணத்தை இன்னொருவர் பயன்படுத்தும்போதும் முதலில் தெரிவது பெயர் வேறுபாடுதான்.

துலாக்கோல்:

கணக்கன் ஐயாவின் கவலை நியாயமானது; ஆனால் சரிபார்ப்பதும் பெறாமல் விடுவதும் வேறு வேறு. சட்டத்தில் இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாக எழுதிய நாடு என்று ஜெர்மனியைச் சொல்வேன். அந்நாட்டுச் சமூகச் சட்டத் தொகுப்பின் 10ஆம் நூலில், 20ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, ஒரு விண்ணப்பம் ஏற்கத்தக்கதல்ல என்றோ அடிப்படையற்றது என்றோ அலுவலகம் கருதுவதாலேயே அதைப் பெற மறுக்கக் கூடாது என்கிறது. முதலில் பெற வேண்டும், பிறகு முடிவு செய்ய வேண்டும். அதே தொகுப்பின் முதல் நூலில் 16ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: விண்ணப்பதாரர் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டாலும், அந்த அலுவலகமே அதை உரிய அலுவலகத்துக்குத் தாமதமின்றி அனுப்ப வேண்டும். தொகை விண்ணப்பத்தைப் பொறுத்து அமையும் இடங்களில், தவறான அலுவலகத்தில் கொடுத்த நாளே விண்ணப்பித்த நாளாகவும் கொள்ளப்படும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவர் அதனால் தண்டிக்கப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

பன்னாட்டு அளவில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1952இல் ஏற்றுக்கொண்ட சமூகப் பாதுகாப்புக்கான 102ஆம் ஒப்பந்தத்தின் 70ஆம் விதி, உதவி மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமை ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் உண்டு என்கிறது. எல்லா நாடுகளும் அந்த ஒப்பந்தத்தை ஏற்றவை அல்ல. ஆயினும் மேல்முறையீட்டு உரிமை பெரும்பாலான நாடுகளின் சட்டங்களில் ஏதேனும் ஒரு வடிவில் இருக்கிறது. நிழற்குடை அம்மா எழுப்பிய கேள்வியின் ஆழம் இங்கேதான் இருக்கிறது. எழுத்தில் மறுப்பு இல்லையென்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்பட்டவர், சட்டம் தரும் பாதுகாப்பு அனைத்துக்கும் வெளியே நிற்கிறார். 1970இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்பர்க் எதிர் கெல்லி என்ற வழக்கில், ஒருவருக்கு வழங்கப்பட்டுவரும் நல உதவியை நிறுத்துவதற்கு முன்பே அவர் தரப்பைக் கேட்கும் விசாரணை வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது ஏற்கெனவே உதவி பெறுகிறவர்களுக்கான பாதுகாப்பு. இன்னும் பதிவேட்டிலேயே ஏறாதவரை அத்தகைய தீர்ப்புகள் எட்டுவதில்லை.

இதே சிக்கலை உணர்ந்துதான் இந்தியாவின் 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்டு விண்ணப்பித்தவருக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும் என்று வகுத்தது. 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்க வேண்டும் என்ற விதி, அந்தச் சீட்டில் இருந்த தேதியை வைத்தே உயிர்பெற்றது. சீட்டு தரப்படாத இடங்களில் அந்த 15 நாட்கள் எண்ணப்படவே தொடங்கவில்லை.

முல்லை:

நான் நீண்டகால நோயுடன் வாழ்கிறவள். வெளியே பார்த்தால் தெரியாத நோய். இழையில் சட்டம் பற்றி எழுதியிருப்பவை எனக்கு மிகவும் பயன்பட்டன. ஆனால் அந்த முகப்பில் நிற்பவரின் நிலையையும் இங்கு எழுத வேண்டும், ஏனெனில் பலர் விண்ணப்பத்தைக் கொடுக்காமல் திரும்புவதற்கு எழுத்தரின் சொல் மட்டும் காரணமல்ல.

அந்த அலுவலகத்தில் நம் உடலைப் பற்றி, வருமானத்தைப் பற்றி, யார் நம்மைக் கைவிட்டார்கள் என்பதைப் பற்றி, பின்னால் வரிசையில் நிற்கும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்விகள் தவறானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைக் கேட்காமல் தகுதியை முடிவு செய்ய முடியாது. அவற்றைத் தனியறையில் கேட்க முடியும். என்னிடம், "கழிப்பறைக்குத் தனியாகப் போவீர்களா?" என்று கேட்டபோது, என் பின்னால் நின்றிருந்தவர் என் பக்கத்து வீதியில் வசிப்பவர். நான் "போவேன்" என்றேன். பதில் உண்மையாக இருக்க வேண்டுமானால், நோய் தணிந்திருக்கும் நாட்களில் போவேன், மற்ற நாட்களில் முடியாது என்று விரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் யாரால் அதை விரித்துச் சொல்ல முடியும்? என் படிவத்தில் "தனியாக இயங்குகிறார்" என்று எழுதப்பட்டது. அந்த ஒரு வரியைப் பின்னர் மருத்துவச் சான்றுகளால் அசைக்க நெடுங்காலம் ஆயிற்று.

நோய் ஏறி இறங்கும் தன்மை கொண்டது என்பதை ஆம், இல்லை என்ற கட்டங்கள் கொண்ட படிவம் ஏற்பதில்லை. நேர்காணலுக்கு வர முடிந்த நாள் என்பதே நம்முடைய நல்ல நாட்களில் ஒன்று. அந்த நல்ல நாளில் எழுந்து வந்த மனிதரைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்கிறார்கள். பிரிட்டனில் உடற்குறை உள்ளவர்களுக்காக 2013இல் தொடங்கப்பட்ட தனிநபர் தற்சார்பு வாழ்வுத் தொகை (Personal Independence Payment) தொடர்பாகத் தீர்ப்பாயம் வரை சென்ற மேல்முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல ஆண்டுகளாக விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிந்திருக்கின்றன. முதல் மதிப்பீட்டில் எவ்வளவு தவறிப்போகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே வேளையில், தீர்ப்பாயம் வரை செல்ல உடலிலும் மனத்திலும் வலு இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

வீட்டை ஆய்வு செய்வதும் இதைச் சேர்ந்ததே. பிரிட்டனில் 1931இல் கொண்டுவரப்பட்ட வருமானச் சோதனை முறையில், அதிகாரிகள் வேலையிழந்தவர்களின் வீடுகளுக்குச் சென்று, வீட்டுப் பொருள்களையும் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் ஊதியத்தையும் கணக்கிட்டார்கள். அந்த அவமானத்தை அங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் ஒரு தலைமுறை கடந்தும் மறக்கவில்லை. உதவி பெறுவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்று ஒருவரை நினைக்கவைத்தால், எழுத்தர் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டிய தேவையே இல்லை, அவர் வரமாட்டார்.

நிழற்குடை:

முல்லை, உங்கள் பதிவைப் படித்த பிறகு பெரியம்மா ஏன் அன்று அவ்வளவு விரைவாக எழுந்துகொண்டார் என்பது எனக்குப் புரிகிறது. அவர் திரும்பும் வழியில் என்னிடம், "அந்தப் பெண் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விட்டதே போதும்" என்றார். நான் அதை அவருடைய பெருந்தன்மை என்று அப்போது எண்ணினேன்.

பழைய கோப்பு ஐயாவுக்கு ஒரு கேள்வி. குறையுள்ள விண்ணப்பத்தை நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தால், அந்தப் பணியாளரின் மனத்தில் எங்கள்மீது கசப்பு ஏற்பட்டு, பின்னால் கோப்பு தேங்கிவிடாதா? பெரியம்மாவைப் போன்றவர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

பழைய கோப்பு:

அஞ்சுவது இயல்பு. ஆனால் பதிவான கோப்பைத் தேக்குவதைவிடப் பதிவாகாத மனிதரை மறப்பது எளிது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எண் பெற்ற கோப்பு ஓர் எழுத்தரின் விருப்பத்தை மட்டும் சார்ந்திருப்பதில்லை. அவர் மாற்றலாகிப் போனாலும் அது அடுத்தவர் மேசைக்கு வரும், ஆய்வுக் கூட்டத்தில் அதன் எண் வாசிக்கப்படும்.

வற்புறுத்தும் விதமும் முக்கியம். "நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று தொடங்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளவே முயல்வார். "இப்போதைக்கு இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, இதைப் பெற்றுக்கொண்டு எது குறைகிறது என்று எழுதிக் கொடுங்கள், அதைக் கொண்டுவந்து சேர்க்கிறேன்" என்று கேட்டால், மறுப்பதற்கு அவருக்குக் காரணம் கிடைப்பதில்லை. அதற்கும் இசையாவிட்டால் பிரிவு அலுவலரைப் பார்க்கக் கேளுங்கள். அல்லது அலுவலகத்தின் தபால் பிரிவில் விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் தபால் பிரிவில் இருப்பவர் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய மாட்டார். வந்ததைப் பதிவதே அவர் வேலை. பதிவுத் தபாலில் அனுப்புவதும் அதே பயனைத் தரும்.

துணைக்கு ஒருவர் உடன் செல்வது மிகப் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். அவர் எதுவும் பேச வேண்டியதில்லை. ஒரு குறிப்பேட்டில் யார் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தாலே போதும். பேசுபவரின் சொற்கள் அளந்து வருவதை நீங்களே காண்பீர்கள்.

அலைமுகம்:

இந்த இழையில் ஜப்பானைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அந்நாட்டின் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் விதி, நலமும் பண்பாடும் கொண்ட குறைந்தபட்ச வாழ்க்கையை எல்லா மக்களுக்குமான உரிமையாக அறிவிக்கிறது. அத்தகைய நாட்டிலேயே, உதவி கேட்டு வருகிறவர்களை ஆலோசனை என்ற பெயரில் பேசி அனுப்பிவிட்டு, விண்ணப்பப் படிவத்தையே கொடுக்காமல் இருக்கும் வழக்கம் பல நல அலுவலகங்களில் இருந்தது. 2006இல் கிதாக்யூஷூ நகரில், நல அலுவலகத்தை அணுகியும் விண்ணப்பிக்க இயலாமல் போன ஒருவர் தம் வீட்டில் இறந்து கிடந்தது நாடெங்கும் பெரும் விவாதமானது. அதன் பிறகும் வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும் விண்ணப்பதாரர்களுடன் அலுவலகத்துக்குச் செல்லும் பணியைத் தொடர்ந்து செய்ய வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில், பெருந்தொற்றுக் காலத்தில், அந்நாட்டு நலத்துறை அமைச்சகமே, வாழ்வாதார உதவிக்கு விண்ணப்பிப்பது மக்களின் உரிமை என்று தன் இணையதளத்தில் அறிவித்தது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்த பிறகும், தயங்காமல் வாருங்கள் என்று தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது என்பதை நான் கவலையுடனேயே பார்க்கிறேன்.

உறவினர்களிடம் கேட்டுப் பார்ப்போம் என்ற வாக்கியத்தையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஜப்பானில் உதவி கேட்பவரின் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும், நீங்கள் இவரைத் தாங்க முடியுமா என்று கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் போகும் நடைமுறை உண்டு. பிரிந்துபோன தம்பிக்கு அந்தக் கடிதம் போய்ச் சேரும் என்று அறிந்த ஒருவர், அந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுவார்.

கணக்கன்:

விளக்கங்களுக்கு நன்றி. விண்ணப்பத்தைப் பெறுவதும் அதைச் சரிபார்ப்பதும் வேறு என்ற துலாக்கோல் அவர்களின் கருத்தை ஏற்கிறேன்; பெற்றுக்கொண்டு குறையை எழுத்தில் தெரிவிப்பதால் பொதுப்பணத்துக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் முகப்பில் மனிதர் இருப்பதால்தான் இந்தச் சிக்கல் என்றால், இணையவழி விண்ணப்பம் இதைத் தீர்த்துவிடாதா? கணினி யாரையும் முகம் பார்த்துத் திருப்பி அனுப்புவதில்லை, தேதியும் எண்ணும் தானாகவே பதிவாகின்றன.

அலைமுகம்:

தீர்க்கக்கூடும், எல்லா இடங்களிலும் தீர்த்ததாகத் தெரியவில்லை. இணையப் படிவத்தில் நட்சத்திரக் குறியிட்ட கட்டாயக் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நிரப்பாமல், ஓர் ஆவணத்தைப் பதிவேற்றாமல், அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. முன்பு எழுத்தர் சொன்னதை இப்போது கணினி சொல்கிறது. எழுத்தரிடமாவது, "அம்மா இறந்த ஊரில் பதிவே இல்லை, என்ன செய்வது?" என்று கேட்கலாம், சிவப்பு எழுத்தில் தோன்றும் வாக்கியத்திடம் அதைக் கேட்க முடியாது. பாதியில் நின்ற படிவம் பல தளங்களில் சில நாட்களில் அழிந்துவிடும். முகப்பிலிருந்து திரும்பிப் போனவரைப் போலவே, பாதியில் நிறுத்தியவரும் எந்தக் கணக்கிலும் சேருவதில்லை. குறைந்தது, குறைகளுடன் சமர்ப்பிக்கிறேன் என்று ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரிபார்ப்பையும் கணினியிடம் ஒப்படைத்ததன் விளைவை ஆஸ்திரேலியா கண்டது. வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து, அதை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, ஒவ்வோர் இருவாரத்திலும் பயனாளி தெரிவித்த வருமானத்துடன் ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கடன் என்று தானாகவே அறிவிக்கும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வேலை கிடைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு அடிப்படையிலேயே பொருந்தாது. ஆயினும் கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி அலைந்த அந்த மனிதர்கள்மீதே விழுந்தது. 2020 மே மாதத்தில் அரசு 72 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையம் அந்த முறையை மிகக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை அளித்தது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி பெற்ற பெற்றோர்கள் பல்லாயிரவர் மோசடிக்காரர்கள் என்று தவறாகக் குற்றம் சாட்டப்பட்டு, பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டுக் கடனில் மூழ்கினார்கள். அதன் காரணமாக 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. மோசடியைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த அச்சத்தை முன்வைத்துக் கட்டப்படும் முறைகளில், ஒரு சிறு கையெழுத்து விடுபட்டவரும் மோசடி செய்தவரும் ஒரே பட்டியலில் விழுகிறார்கள்.

கணினி நல்ல விதமாகப் பயன்பட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். பெல்ஜியம் 1990இல் இயற்றிய சட்டத்தின் வழியே, சமூகப் பாதுகாப்பு அமைப்புகளுக்கிடையே தகவலைக் கொண்டுசெல்லும் மைய அமைப்பு ஒன்றை உருவாக்கியது. ஓர் அலுவலகத்திடம் ஏற்கெனவே உள்ள தகவலை இன்னோர் அலுவலகம் அந்த அமைப்பின் வழியாகப் பெற வேண்டும். மக்களிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்பது அதன் கொள்கை. நிழற்குடை அம்மாவின் பெரியம்மா ஓர் அரசுச் சான்றை இன்னோர் அரசு அலுவலகத்துக்குச் சுமந்து சென்றார். அந்த வேலை அவருடையதாக இருந்திருக்கக் கூடாது.

நெய்தல்:

இழையை முழுவதும் படித்தேன். எனக்கு உடனடியாக ஓர் உதவி தேவை. என் மாமனார் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். அவருக்காக நான் அலுவலகம் சென்றேன். சிறப்பு மருத்துவரின் சான்று இல்லாமல் விண்ணப்பத்தைப் பெற முடியாது என்றும், விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மருத்துவரைப் பார்க்க நெடுநாள் காத்திருக்க வேண்டும். நான் என்ன எழுதிக் கொடுப்பது? எனக்கு இத்தகைய கடிதங்கள் எழுதிப் பழக்கமில்லை.

துலாக்கோல்:

நீளமாக எழுத வேண்டாம். பின்வருமாறு எழுதி, மாமனாரின் கையொப்பம் அல்லது கைரேகை பெற்று, இரண்டு நகல்களுடன் கொண்டு செல்லுங்கள்:

"நான் இந்தத் திட்டத்தின் கீழ் உதவித்தொகை கோரி இன்று விண்ணப்பிக்கிறேன். என் உடல்நிலை காரணமாக நேரில் வர இயலாததால், என் மருமகள் என் சார்பில் இதை அளிக்கிறார். அதற்கு என் ஒப்புதலை இதன்வழித் தெரிவிக்கிறேன். என்னிடம் தற்போதுள்ள மருத்துவமனை வெளியேற்றக் குறிப்பை இணைத்துள்ளேன். சிறப்பு மருத்துவரின் சான்றுக்கு முன்பதிவு செய்துள்ளேன், கிடைத்ததும் அளிப்பேன். இந்த விண்ணப்பத்தை இன்றைய தேதியில் பதிவு செய்து, பதிவு எண்ணுடன் ஒப்புகை அளிக்குமாறும், வேறு ஆவணங்கள் தேவையெனில் அவற்றை எழுத்தில் தெரிவிக்குமாறும், நேரில் பார்க்க வேண்டுமெனில் என் இல்லத்துக்கு வர ஏற்பாடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பெற இயலாது எனில், அதற்கான காரணத்தையும் விதியையும் குறிப்பிட்டு எழுத்தில் அளிக்க வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தை எந்த நிலையிலும் நீக்கிவிடாதீர்கள். மருத்துவரிடம் முன்பதிவு செய்ததற்கான சீட்டு இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள். தாமதம் உங்களால் நேர்ந்ததல்ல என்பதற்கு அதுவே சான்று.

நெய்தல்:

துலாக்கோல் அவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. இன்று கொடுத்துவிட்டேன். முகப்பில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு உள்ளே சென்று கேட்டுவந்தார்; பிறகு பெற்றுக்கொண்டார். முத்திரையுடன் ஒப்புகைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதில் "குறைபாடுள்ள ஆவணங்கள்" என்ற பகுதியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள், பதிவு எண்ணும் எழுதப்படவில்லை. தேதி மட்டும் இருக்கிறது. இது போதுமா?

பழைய கோப்பு:

தேதியும் முத்திரையும் இருப்பதால் கொடுத்த நாள் உறுதியாகிவிட்டது, அது நல்லது. பதிவு எண் பெரும்பாலும் அன்று மாலையோ அடுத்த நாளோ பதிவேட்டில் எழுதும்போதுதான் இடப்படும். ஆகவே ஒரு வாரத்துக்குள் சென்று, தபால் பிரிவில் அந்தத் தேதியைச் சொல்லி எண்ணைக் கேட்டு, உங்கள் சீட்டிலேயே எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். குறைபாடு என்ற பகுதி வெறுமையாக இருப்பதைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்க வேண்டாம். பின்னாளில் யாராவது, உங்கள் விண்ணப்பம் முழுமையாக இல்லாததால் அந்தத் தேதியை ஏற்க முடியாது என்றால், எந்தக் குறையும் குறிக்கப்படாத அந்தச் சீட்டையே காட்டலாம். மூலச் சீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகலை மட்டும் கொடுங்கள். சிறப்பு மருத்துவரின் சான்று கிடைத்ததும், பதிவு எண்ணை மேலே எழுதிய ஒரு முகப்புக் கடிதத்துடன் கொடுத்து, அதற்கும் தனியாக ஒப்புகை பெறுங்கள்.